பில்டுக்குத் தெரியாத ஃபைல்

1

இந்தக் கதை பம்மல் ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண் போனில், "எடிட்டரும் பில்டும் பேசிக்கிறதே இல்லக்கா" என்று அலுத்துக்கொண்டாள். ஏதோ குடும்பச் சண்டை என்று காதைத் தீட்டினேன். அவளுக்கு ஃபாயிசா என்று பெயர் வைத்தது நான்தான்.

2

தாம்பரத்தில் லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் ஃபாயிசா, வயது இருபத்தாறு, பணிபுரிந்து

(விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

அந்த ஆபீசில் நிரல் எழுதுவது எடிட்டரில். எழுதியதைச் சேர்த்து லிஃப்டுக்கு அனுப்பும்படி கட்டித்தருவது பில்ட். எந்தெந்த ஃபைல் வேண்டும் என்று இரண்டும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தன. அதனால் எடிட்டர் சரியான வரிகளுக்கெல்லாம் தப்பு என்று சிவப்புக் கோடு போடும். யாரும் கண்டுகொள்வதில்லை. புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்கள்.

ஃபாயிசாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து, எடிட்டர் தன் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு பில்டையே கேட்கும்படி செய்தாள். நானூறு சிவப்புக் கோடுகள் காணாமல் போயின. சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

3

ஒரே ஒரு ஃபைல் மட்டும் சிவப்பாகவே நின்றது. கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடியில் நிறுத்திக் கதவைத் திறக்க, டீம் லீடர் ஷ்யாம்சுந்தர் எழுதிய திருத்தம் அது. எல்லார் முன்னாலும் அவர் சிரித்தார். ஃபாயிசா செய்த டூல் இங்கே சொதப்பிவிட்டது, இந்தச் சிவப்பை மட்டும் மறைத்துவிட்டால் டூலை இன்றே எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் பழையபடியே இருக்கட்டும் என்றார்.

(அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். தினமும் தன் டப்பா எலுமிச்சை சாதத்தை எல்லாருக்கும் நீட்டுகிற மனுஷன், ஒட்டவில்லை.)

மறைத்தால் மூன்று வார உழைப்புக்குக் கைதட்டல் உண்டு. ஃபாயிசா பில்டின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை தேடினாள்.

"டூல் சரியாத்தான் சொல்லுது சார். உங்க ஃபைலை பில்டுல சேர்க்கவே இல்ல. ஆறு மாசமா எந்த லிஃப்டுக்கும் அது போகல."

அவர் சோதித்ததெல்லாம் தன் கம்ப்யூட்டரில், எடிட்டரின் பழைய பட்டியலை வைத்து. பள்ளிக்கரணை அபார்ட்மெண்டில் கரண்ட் போனபோது லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்ட புகார்களை, பேட்டரி கோளாறு என்று எழுதி மூடியிருந்தார்கள்.

4

முடிவு ஒன்று: அவர் கைகுலுக்குகிறார். சினிமாத்தனம்.

முடிவு இரண்டு: அவர் கத்த, அவள் அழுதுகொண்டே

இல்லை, அழமாட்டாள்.

ஷ்யாம்சுந்தர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பை அவள் மறைத்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.