நீலம் தெரிந்தால் நிறுத்து

என் மனைவி நாற்பத்து நான்கு வயதில் ஓவியக் கல்லூரியின் சிற்பப் பிரிவில் சேர்ந்தபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்பாள் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லாததுதான் காரணம். வெளியில் அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டோம்.

கல்லூரியில் தடுத்துப் பார்த்தார்கள். நேர்முகத் தேர்வில் துறைத்தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "இது பொழுதுபோகாதவங்க வர்ற கிளாஸ் இல்லம்மா. களிமண் மூட்டை தூக்கணும்" என்றிருக்கிறார்.

"வீட்டுல ஒரு பொண்ணு, ஒரு மாமியார், ஒரு புருஷன்னு மூணு பேரைத் தூக்கிட்டிருக்கேன் சார். மண்ணு எவ்வளவோ தேவல. எதிர்த்துப் பேசாது."

இடம் கிடைத்துவிட்டது.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் வெற்றிடம். யார் எதைச் செய்து காட்டினாலும், "உருவத்தைப் பார்க்காதீர்கள், அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள்" என்று மேடைத் தமிழில் சொல்வார். கல்லூரி வாசலில் அவருடைய படைப்பு ஒன்று நிற்கிறது. ஆளுயர இரும்பு வளையம். பெயர், 'பிரபஞ்சத்தின் மௌனம்'. வளையத்தை வளைத்ததும் பற்றவைத்ததும் வெல்டர். மௌனம் மட்டும் இவருடையது. அதனால் யாருக்கும் பயனில்லை என்று சொன்னால் பாவம். மாணவர்கள் தங்கள் சைக்கிள்களைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பது அதில்தான்.

கடைசி ஆண்டில் ஒரே ஒரு படைப்பு. அது தேறினால் பட்டம். என் மனைவி தன் படைப்பின் தலைப்பாக 'சீரியல் பார்க்கும் மாமியார்' என்று எழுதிக் கொடுத்தாள்.

வெற்றிடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார். "இதில் வெற்றிடம் எங்கே இருக்கிறது?"

"சீரியல்ல இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பார்க்கட்டும், தேறாவிட்டால் அடுத்த ஆண்டும் இங்கேதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு என்று ஒன்று அவளுக்கு இல்லை. எங்கள் மகள் கல்லூரிக்குப் போகிற ஆண்டு அது. ஒரு வீட்டிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு மாணவிக்குத்தான் கட்டுப்படியாகும் என்று எப்போதோ பேசி முடித்திருந்தோம். இப்போது இல்லையென்றால் இனி இல்லை. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. களிமண்ணைப் பிசைகிற வேகத்தில் தெரிந்தது.

என் அம்மாவை ஓர் இடத்தில் உட்காரவைப்பது நடக்கிற காரியமில்லை. டிவி முன்னால் மட்டும் அசையமாட்டாள். அதனால் கம்பிச் சட்டம், மண், சுழல்பலகை எல்லாம் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. வில்லி திரையில் வரும்போது அம்மாவின் கீழுதடு முன்னால் தள்ளும். தலை லேசாகச் சாயும். 'வா, உனக்கு இருக்கு' என்பதுபோல ஒரு கண் சுருங்கும். அந்த முகத்தைத்தான் மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் மண் காயாமலிருக்க ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். சிலிண்டர் போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கை கட்டி நின்று, "எப்பம்மா?" என்று துக்கம் விசாரித்தார். "யாரு, நானா? நான் இங்க இருக்கேன்" என்று சோபாவிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். மனிதர் பாதி உயிரோடு திரும்பினார்.

சண்டை மூக்கில் வந்தது.

அம்மாவின் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்மா ஓர் அறைக்குள் வருவதற்கு முன் அது வந்து ஒரு நோட்டம் விட்டுப் போகும். கல்யாணப் புகைப்படத்தில் அப்பாவின் ஒரு காது தெரியாததற்கு அதுவே காரணம் என்று சித்தப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் படத்துக்குப் பிறகு அம்மா எந்தப் படத்திலும் பக்கவாட்டில் நிற்கவில்லை. கேமராவைக் கண்டால் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல நேராகத் திரும்பிக்கொள்வாள். (அந்தச் சொத்து அப்படியே எனக்கு வந்திருக்கிறது. பங்கு கேட்க யாரும் இல்லை.)

"ஏம்மா, கொஞ்சம் குறைச்சா உன் கை தேஞ்சா போயிடும்?"

"குறைச்சா அது நீங்க இல்ல அத்தை. எதிர்வீட்டம்மா ஆயிடும்."

"அவ மூக்கு நல்லாத்தானே இருக்கு!"

"அப்ப அவங்களயே கூப்பிட்டு உட்கார வச்சிக்கறேன்."

"ஓகோ. என் டிவி முன்னாடி அவ வந்து உட்காருவாளா?"

இப்படியே தினமும் நடந்தது. மூக்கு மட்டும் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

முடிந்த மண் சிலையை டாக்சியில் பின்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டு, கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர், பொறுக்கமுடியாமல், "துணிய எடுத்துவிடுங்க சார், பெரியவங்களுக்கு மூச்சு முட்டப்போவுது" என்றார்.

இனி நடந்தது புரிய, அச்சு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மண் சிலையின் மேல் முதலில் துணிக்குப் போடும் நீலம் கலந்த பிளாஸ்டரை மெல்லிசாகப் பூசுவார்கள். அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டரைக் கனமாக அப்புவார்கள். அது இறுகியதும் பின்பக்கத்தைத் திறந்து மண்ணை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, உள்ளே சோப்புக் கரைசல் தடவி, வெற்று அச்சுக்குள் புதிய பிளாஸ்டரை நிரப்புவார்கள். பிறகு வெளி அச்சை உளியால் தட்டித் தட்டி உடைத்தெடுத்தால் உள்ளே சிலை. மண் சிலை ஏற்கெனவே போய்விட்டது, அச்சும் உடைந்துவிடும். கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். வெள்ளையை வேகமாகத் தட்டலாம். நீலம் தெரிந்தால் நிறுத்தவேண்டும், அடுத்தது முகம். முதலாண்டு மாணவருக்கு முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது இது.

அந்தக் கல்லூரியில் கடைசி ஆண்டுக்காரர்கள் வெளித்தேர்வாளர் கண்ணெதிரிலேயே அச்சை உடைக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். வந்திருந்த தேர்வாளர் ஒரு வயதான பெண் சிற்பி. நகக்கண்ணில் பிளாஸ்டர், கையில் சொந்தத் தேநீர்க் குடுவை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. மாணவர்கள் சுற்றி நின்றார்கள். நானும் அம்மாவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். "என் மூஞ்சிய உடைக்கிறாங்களாம், நான் இல்லாம எப்படி?" என்று அம்மா காலையிலேயே தலை வாரி நின்றுவிட்டாள்.

மனைவி உளியை எடுத்தபோது வெற்றிடம் உள்ளே வந்தார். கூடவே கல்லூரி மலருக்காக ஒரு புகைப்படக்காரர்.

"முதல் தட்டு துறைத்தலைவருடையது. மரபு" என்றார். அப்படியொரு மரபு இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உளியை வாங்கிக்கொண்டார். ஊசி போடுகிறவர் ஊசியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். "சிற்பம் என்பது சேர்ப்பதல்ல, நீக்குவது..." தட்டினார். வெள்ளைச் சில்லு ஒன்று தெறித்தது. புகைப்படக்காரர், "சார், கண்ணு மூடிட்டீங்க. இன்னொண்ணு" என்றார். இன்னொன்று. "இன்னும் கொஞ்சம் பலமா சார், ஆக்‌ஷன் தெரியல."

மூன்றாவது தட்டில் பெரிய சில்லு கழன்றது. உள்ளே பளிச்சென்று தெரிந்தது.

"சார், நீலம்!" என்று மனைவி கத்தினாள்.

வெற்றிடம் அவள் பக்கம் திரும்பிக் கனிவாகத் தலையசைத்தார். "ஆமாம். நீலம். முடிவின்மையின் நிறம்" என்றார். ஓங்கி ஒரு போடு போட்டார்.

மூக்கு போய்விட்டது.

சில்லோடு சேர்ந்து தரையில் விழுந்து மாவாகிவிட்டது. முதலாண்டுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எழுந்து நின்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெற்றிடம் அதிர்ச்சியை ஒரு மூச்சில் விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "விபத்தும் ஒரு படைப்பாளி. முகத்தின் நடுவே ஒரு வெற்றிடம்! இப்போதுதான் இது கலை. இப்படியே விட்டுவிடுங்கள். 'இன்மை' என்று பெயர் வைக்கலாம்."

"எதுய்யா இன்மை?" என்றாள் அம்மா. "இவ்வளவு பெரிய மூக்கை வச்சிக்கிட்டு நான் இங்க நிக்கறேன், கண்ணு தெரியலையா?"

தேர்வாளர் முதன்முறையாகப் பேசினார், என் மனைவியிடம். "நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"போனதைத் திரும்ப வைக்கப் போறேன்."

"எனக்கு அவசரமில்ல" என்று தேர்வாளர் குடுவையைத் திறந்தார்.

மனைவி உளியைக் கேட்டு வாங்கவில்லை. அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வெள்ளையைத் தட்டினாள், நீலம் வந்த இடத்தில் சின்ன உளிக்கு மாறினாள். நெற்றி வந்தது. சுருங்கிய கண் வந்தது. தள்ளிய கீழுதடு வந்தபோது, அம்மாவை அன்றுதான் பார்த்த பிள்ளைகளெல்லாம் ஒருமுறை சிலையையும் ஒருமுறை அம்மாவையும் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். முகம் முழுவதும் வந்துவிட்டது, நடுவில் ஒரு பள்ளத்தோடு. அந்தப் பள்ளத்தைச் சுரண்டி, நீர் தெளித்து, பிடிப்புக்கு ஒரு பித்தளை ஆணியைச் செருகினாள்.

"அத்தை, இங்க வந்து உட்காருங்க."

அம்மா உட்கார்ந்தாள். ஆனால் இத்தனை பேர் பார்க்கிற கூச்சத்தில் முகம் பாஸ்போர்ட்டாகிவிட்டது.

"சீரியல் போடுங்க" என்றாள் மனைவி.

முதலாண்டுப் பெண் தன் போனில் முந்தின நாள் பகுதியைத் தேடியெடுத்து அம்மா முன்னால் பிடித்தாள். வில்லி வந்தாள். உதடு தள்ளியது. தலை சாய்ந்தது.

மனைவி ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டரைக் கலக்கினாள். கலக்கியபின் அது யாருக்கும் காத்திருக்காது, தயிராகி, கல்லாகிவிடும். விரலால் அள்ளிப் பள்ளத்தில் வைத்தபோது, அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள். "ஏம்மா. இப்பதான் புதுசா வைக்கிறியே. யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

மனைவியின் கை நின்றது. "எவ்வளவு குறைக்கட்டும் அத்தை? இன்னைக்கு நீங்க சொல்றதுதான்."

கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. அம்மா போனை விலக்கிவிட்டு, சிலையை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இந்த மூஞ்சி இவ்வளவு தெனாவெட்டா இருக்கே, இதுக்குச் சின்ன மூக்கு எப்படிக் காணும்? இருக்கிறதை வை. சீக்கிரம் வை, காயுது பாரு."

மனைவி வைத்தாள். நான் அவளை எத்தனையோ வேலைகளில் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. இரண்டு விரலால் தண்டு, கட்டைவிரலால் சரிவு, கரண்டி முனையால் நாசித்துளை. திரும்பி அம்மாவை ஒரு பார்வை, திரும்பிச் சிலையில் ஒரு கீறல். கை எடுத்தபோது கிண்ணத்தில் மிச்சமிருந்தது கல்.

மூக்கு, அறைக்குள் வந்து ஒரு நோட்டம் விட்டது.

பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்தார்கள். வெற்றிடமும் தட்டினார், சுற்றி எல்லோரும் தட்டும்போது வேறு என்ன செய்வார்? தேர்வாளர் எழுந்து சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். மூக்கின் நுனியைப் புறங்கையால் தொட்டு அந்தச் சூட்டைப் பார்த்தார்.

"முதல் மதிப்பெண்" என்றார். பிறகு வெற்றிடத்திடம் திரும்பி, "அச்சை உடைக்கக் கத்துக்கணும்னா, முதலாண்டு வகுப்பில் உங்களுக்கு இடம் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்றார்.

புகைப்படக்காரர் அம்மாவைச் சிலைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். "பெரியம்மா, இப்படி நேரா பாருங்க."

"எதுக்கு?" என்று அம்மா நன்றாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். "இப்படி எடு. ரெண்டும் முழுசா விழணும்."

கல்லூரி மலரில் அந்தப் படம்தான் வந்தது. வெற்றிடம் உளியோடு நின்ற படங்களில் ஒன்றிலும் அவர் கண் திறந்திருக்கவில்லையாம்.

கல்லூரியின் ஆண்டிறுதிக் கண்காட்சி முடிந்ததும் சிலையை வாசலில் வளையத்துக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைக்கலாம் என்று பெருந்தன்மையோடு சொல்லிப் பார்த்தார்கள். "மழையில நனையவா? சைக்கிளோட சைக்கிளா நிக்கவா?" என்று அம்மா கையோடு டாக்சி வரவழைத்துவிட்டாள். புதிய மூக்கு மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருந்தது. நிறம் தடவிச் சரிசெய்கிறேன் என்று மனைவி சொல்லியும் அம்மா விடவில்லை.

பின்சீட்டில் ஓர் ஓரம் அம்மா, நடுவில் சிலை, மறு ஓரம் பட்டம் பெற்ற என் மனைவி. மூவருக்கும் சீட் பெல்ட். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியாம்மா?" என்று சிலையைக் காட்டிக் கேட்டார்.

"ரெண்டும் நான்தான்" என்றாள் அம்மா. "மூக்கைப் பார்த்தா தெரியல? நேரா ரோட்டைப் பாத்து ஓட்டு. என் மருமக செஞ்சது, குலுக்காத."