தெரிவித்தவர்

1

இந்தக் கதை நான் ஒரு வரியைக் காப்பியடித்ததில் பிறந்தது. யாருடைய கதையிலிருந்தும் அல்ல, பயப்படாதீர்கள். நான் எழுதிய டிரைவரிலிருந்தே. கணினிக்கும் அதன் ஸ்பீக்கர், மைக்குக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்தையும் பேசவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது என் பிழைப்பு. ஐந்து நாளாக அந்த வேலை ஓடவில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஒரு காலைப் பொழுதில் ஒரு பெண் மடிக்கணினியின் முன்னால்’

வேண்டாம். அவள் ‘ஒரு பெண்’ அல்ல, என் அக்கா.

இரண்டாவது: ‘ஒலி என்பது யாதெனில்’

இதை நானே படிக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். அவளுக்குப் புது மடிக்கணினி வாங்கித் தந்தேன். அப்போதுதான் வந்த மாடல். எங்கள் குழு எழுதும் இயங்குதளத்தில் அதற்கு வாயும் இல்லை, காதும் இல்லை. இதுதானே உன் தொழில் என்று சிரித்தாள். மானப் பிரச்சினை. உட்கார்ந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரைவரில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வரி இருக்கும்: ஸ்பீக்கர் எங்கே, மைக் எங்கே, விளக்கு எதற்கு என்று. புது மாடல் வந்தால் அதற்கு முன்பு வந்த அண்ணன் மாடலின் வரியை எடுத்து எண்ணை மட்டும் மாற்றுவோம். பெரும்பாலும் சரியாக இருக்கும். மாற்றினேன். பாட்டு வந்தது. மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, மைக் அடங்கியது. அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே அது எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

[அடிக்குறிப்பு மாதிரி: சோதித்தபோது ஹெட்செட் மாட்டியிருந்தேன். அடங்கியது ஹெட்செட்டின் மைக். புது மாடலில் திரைக்கு மேலே இன்னொரு மைக் உண்டு. அது பொத்தானுக்குக் கட்டுப்படவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது.]

3

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா போய் மூன்று வருஷம். எப்போதும் கேட்பதையே அன்றும் கேட்டேன், அம்மா கடைசியாக ஏதாவது சொன்னார்களா என்று. ஒரு நிமிஷம் இருடா என்றாள். பொத்தானை அழுத்தினாள். பக்கத்திலிருந்த மாமாவிடம், அவள் கணவரிடம், திரும்பினாள்.

“ஆஸ்பத்திரில இருந்த ரெண்டு நாளும் அம்மா அவனத்தாங்க கேட்டாங்க. அவன்தான் வேலை முடியற வரைக்கும் கூப்பிடாதன்னு சொல்லியிருந்தான். நானும் கூப்பிடல. இத இப்ப எப்படிச் சொல்றது?”

“சொல்லாத. தூக்கத்துல போயிட்டாங்கன்னே இருக்கட்டும்.”

ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒண்ணும் சொல்லலடா. தூக்கத்துலயே போயிட்டாங்க.”

சரிக்கா என்றேன். பாலை அடுப்பில் வைத்திருப்பதாக ஏதோ உளறி அழைப்பைத் துண்டித்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

4

இங்கே எனக்கு மாமா மேல் சந்தேகம். ‘சொல்லாத’ என்று ஒருவர் இவ்வளவு சட்டென்று சொல்வாரா? முந்தைய வரைவில் அவரைத் தயங்கவைத்தேன், இருமவைத்தேன். எல்லாம் பொய். இருவரும் மூன்று வருஷமாகப் பேசிப் பேசித் தேய்ந்த பேச்சு அது.

வாசகரே, நீங்கள் நம்பாத ஒன்றையும் சொல்கிறேன். அன்று மதியம் பிழையைத் தேடி டிரைவரைத் திறந்தேன். நான் காப்பியடித்த அந்த அண்ணன் மாடலின் வரியை எழுதியவனும் நானே. பக்கத்தில் தேதி இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டாம் நாள். கூப்பிடாதே என்று நான் சொன்னது இந்த ஒரு வரிக்காக. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

5

திருத்தம் சின்னது. எழுதிவிட்டேன். இன்றே போக வேண்டும். எத்தனையோ வீடுகளில் விளக்கை நம்பி மனிதர்கள் மனசைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வரும் திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பவர், நாங்கள் கறார் என்று கூப்பிடும் மனிதர், திருப்பி அனுப்பிவிட்டார். அவசரமாகப் போக வேண்டுமென்றால் பிழை எப்போது, எப்படித் தெரிந்தது, யார் தெரிவித்தார் என்று குறிப்பில் இருக்க வேண்டுமாம். ‘தெரிவித்தவர்’ வரி காலியாக இருக்கக் கூடாதாம்.

திருத்தங்களோடு பொதுவில் வெளியாகும் என் குறிப்புகளை அக்கா ஒன்றுவிடாமல் படிப்பாள். ஒன்றும் புரியாது, தம்பி பெயர் வருகிறதே என்று படிப்பாள். ‘பொத்தான் அழுத்தியும் மைக் அடங்கவில்லை’ என்பது மட்டும் அவளுக்குப் புரியும்.

முடிவு ஒன்று: என் பெயரைப் போடுகிறேன். பிழை தெரிந்த தேதியை அவள் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை.

முடிவு இரண்டு: முன்பின் தெரியாத ஒருவர் பெயரைப் போடுகிறேன். அவள் பொய்யோடு என் பொய்யும் சேர்ந்து, இருவரும் சௌக்கியமாக இருப்போம்.

முடிவு மூன்று: முதலில் அவளைக் கூப்பிடுகிறேன். கேட்டுட்டேன்க்கா, உன்மேல தப்பில்ல, என்கிறேன். அதன்பின் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எழுத ஐந்து நாளாகப் பார்க்கிறேன். வரவில்லை.

இதோ, இந்தக் கணத்தில் அவளிடமிருந்து அழைப்பு வருகிறது. எடுக்கிறேன். என் திரையில் அவள் பொத்தானின் விளக்குத் தெரியாது, முகம்தான் தெரியும். கறாரிடம் அனுப்ப வேண்டிய குறிப்பு பக்கத்தில் திறந்திருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. நீங்கள் நிரப்புங்கள்.

தெரிவித்தவர்: