ஆளுநருக்குத் தெரிந்த மனிதர்

சார்லட்டவுன் ஆளுநருக்கு ரூஃபஸ் கில்லிஸை நன்றாகத் தெரியும். பதினெட்டு வருஷமாக ரூஃபஸே மீன்பிடித் துறைமுகத்தில் இதைச் சொல்லிவந்தார். புத்தாண்டன்று ஆளுநர் மாளிகை ஊருக்கெல்லாம் திறந்திருக்கும். வரிசையில் நின்று யாரும் கைகுலுக்கலாம். ரூஃபஸின் முறை வந்ததும் ஆளுநர், "வாங்க மிஸ்டர் கில்லிஸ்!" என்பார். இதற்குள் நான்கு ஆளுநர்கள் மாறிவிட்டார்கள். நால்வருமே பேர் சொல்லித்தான் அழைத்தார்கள்.

"போறவங்க வர்றவங்ககிட்ட நம்மளப் பத்திச் சொல்லிட்டுத்தான் போறாங்க," என்பது ரூஃபஸின் விளக்கம்.

இந்த வருஷம் மைத்துனர் அம்ப்ரோஸ் டூசெட்டும் கூடவே கிளம்பினார். தன் காதால் கேட்டு, மாலை விருந்தில் ஊருக்குச் சொல்வதாக ஏற்பாடு.

வரிசை தெருவரை நீண்டிருந்தது. முன்னால் நின்றவரின் தும்மல் குளிரில் உறைந்து தரையில் விழுந்து உடைந்தது.

இப்போது ஆளுநராக இருப்பவர் ஒரு பெண்மணி. உள்ளே அந்த ஆளுநரம்மாவுக்கு இரண்டடி முன்னால் சீருடையில் ஓர் உதவியாளர். வருகிறவரிடம் பேரைக் கேட்டு, ஆளுநரம்மா பக்கம் குனிந்து அதைச் சொல்வார். பேரைச் சொன்னதும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்வது ரூஃபஸின் வழக்கமாதலால் உதவியாளர் குனிவதை அவர் கண்டதே இல்லை. அம்ப்ரோஸ் கண்டுவிட்டார்.

"மச்சான், நான் முன்னால போறேன்."

"உங்க பேரு சார்?"

"ரூஃபஸ் கில்லிஸ்," என்றார் அம்ப்ரோஸ், கூசாமல்.

"வாங்க மிஸ்டர் கில்லிஸ்!" ஆளுநரம்மா முகம் மலர்ந்தார்.

ரூஃபஸுக்குக் காது சுட்டது. ஒரே வரிசையில் இரண்டு கில்லிஸா? வேறு வழியில்லாமல் "அம்ப்ரோஸ் டூசெட்," என்று முனகினார்.

"வாங்க மிஸ்டர் டூசெட்!" அதே மலர்ச்சி, அதே கைச்சூடு.

மாலை, தேவாலயக் கூடத்தில் அறுபது பேர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"என்ன அம்ப்ரோஸ், கேட்டியா?" என்றார் ஒருவர்.

"ரெண்டு காதாலயும் கேட்டேன். 'வாங்க மிஸ்டர் கில்லிஸ்'னு வாய் நிறையச் சொன்னாங்க."

ஒரு வார்த்தை பொய்யில்லை. கைதட்டல் எழுந்தது. அம்ப்ரோஸ் குனிந்து, "பேசாம சாப்புடு மச்சான், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். ஏளனம் செய்திருந்தால்கூட ரூஃபஸ் தாங்கியிருப்பார். எழுந்தார். அவர் முகத்துச் சூட்டில் மேசைமேல் இருந்த வெண்ணெய் உருகியது.

"அவங்களுக்கு என்னைத் தெரியாதுப்பா. பக்கத்துல நிக்கிற ஆளு சொல்லித் தர்றாரு. எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுறாங்க."



"பாத்தீங்களா, மனுஷனோட அடக்கத்த!" என்றது ஒரு குரல். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

கிழவி ஒருத்தி அவர் சட்டைக்கையைப் பிடித்தாள். "தம்பி, எங்க தெருவுல பனியே அள்றதில்ல. அடுத்த தடவ அந்தம்மா காதுல ஒரு வார்த்த போட்டு வையிப்பா."

ரூஃபஸ் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார்.