கண்ணாடிக் கூட்டில் இரண்டு வால்வு லாக்

போர்மேனின் நகக்கண்களில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் டீச்சர் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை முடிந்து இடது கைக் கட்டைவிரலுக்கு வந்திருந்தபோது மகன் ஒரு தாளை நீட்டினான்.

"அம்மா, அஞ்சலி நோட்டீஸ் எழுதியாச்சு. பிரஸ்காரர் பதினோரு மணிக்குள்ள கேக்கறார். எழுத்துப்பிழை இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க."

"கண்ணாடி போடல."

"கூடு மடியிலதானே இருக்கு."

"அப்புறம் பாக்கறேன்."

கண்ணாடி இல்லாவிட்டால் டீச்சருக்கு எருமையும் ஏரோபிளேனும் ஒன்று. காலையிலிருந்து வந்தவர்களையெல்லாம் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதாள். அவர் நாற்காலி இறக்க வந்த வாடகைக் கடைக்காரர். அவரும் மரியாதைக்கு அழுதுவிட்டு, "மொத்தம் நாப்பதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவுக்கும் டீச்சர் அந்தக் கூட்டைத் திறக்கவில்லை. திறந்தால் கண்ணாடிக்குக் கீழே இரண்டு வால்வு லாக் இருக்கும்.

வால்வு லாக் என்பது எஞ்சினுக்குள் வால்வின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புத் துண்டு. இரண்டையும் சேர்த்தால் ஒரு கடலை அளவு வரும். அது இல்லாமல் எத்தனை உதை உதைத்தாலும் வண்டி தும்மக்கூடச் செய்யாது.

போர்மேனின் அந்த மோட்டார் சைக்கிள் அவர்கள் கல்யாணத்தைவிட எட்டு வயது மூத்தது. பஸ் டெப்போவில் போர்மேனாக இருந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே அதைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் டேங்குக்குள் ஓர் எலிக்குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவந்தது. கிழட்டு எலி வாசல்வரை வந்து வண்டியை முறைத்துவிட்டுத்தான் போனதாம். அன்றைக்கே எஞ்சினை இறக்கிப் பின்னறை மேஜையில் வைத்தார். சைலன்சர் குளியலறைக்குப் போனது. பிரேக் டிரம்மில் டீச்சர் ஆறு மாதம் வெங்காயம் போட்டுவைத்திருந்தாள்.

பொருளைத் தொலைக்கிற ஆள் இல்லை அவர். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரே ஒரு தடவை குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். அதுவும் சாயங்கால வண்டியில் தானாகவே திரும்பி வந்தது, டிக்கெட்கூட வாங்கியிருந்தது என்று டெப்போவில் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவர் தலைசுற்றி விழுந்தார். "வண்டி கிண்டி ஓட்டாதீங்க" என்றார் டாக்டர். "ஓட்டலை சார், ரெடி பண்றேன், அவ்வளவுதான்" என்றார் இவர். ஆனால் ரெடியானதும் பழைய டிரைவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு சுற்று போய்வருவதாக வரைபடமே போட்டுவைத்திருந்தார். டீச்சர் சொல்லிப் பார்த்தாள். நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகியவள், சொல்வதில் பிரயோஜனம் இல்லை என்பதற்கும் பழகியிருந்தாள். அதனால் ஒரு மத்தியானம் பின் பிரேக் ஸ்பிரிங்கை எடுத்து ஒளித்துவிட்டாள்.

பிரேக் இல்லாமலே தெருமுனைவரை போய் வரலாமா என்று அவர் யோசித்ததைப் பார்த்தபிறகு, எஞ்சினுக்கு மாறினாள்.

தேடித் தேடிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை அவர் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு ஏதோ ஆகுதுடி" என்றார். டாக்டர் நினைவுக்கு மாத்திரை கொடுத்தார். அதையும் டீச்சர்தான் வேளை தவறாமல் கொடுத்தாள். அதன்பிறகு அவர் கதவைப் பூட்டிவிட்டு, "பூட்டினேனா?" என்று அவளைக் கேட்டார். ரோட்டைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் சண்டை போட்ட மனுஷர், சொன்னதைக் கேட்டார். சொல்லிவிடலாம் என்று டீச்சர் எத்தனையோ நாள் வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கை அவள் கையில் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

இன்று காலை ஏழு மணிக்குப் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "இங்க ரெண்டு வால்வு லாக் வச்சேன், பாத்தியா?"

"நல்லாத் தேடுங்க" என்றாள் டீச்சர், அடுப்பைப் பார்த்தபடி.

அவர் நல்லாத்தான் தேடினார். டீ ஆறிப்போய் அவள் எட்டிப் பார்த்தபோது மேஜைக்கு அடியில் முழங்கால் மடங்கிக் கிடந்தார். டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, நான் படிக்கறேன், நீங்க கேளுங்க" என்று தாளை வாங்கினாள் போர்மேனின் தங்கை. தொண்டையைச் செருமிக்கொண்டு பிறப்பு, வேலை எல்லாம் வாசித்தாள். பிறகு குரலை இறக்கி, "'நினைவு மங்கிய நாட்களிலும் புன்னகை மாறாதவர்.' இந்த வரி நான் போட்டது. எப்படி இருக்கு?"

"அது வேண்டாம்."

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே அண்ணி. இதுல என்ன கௌரவம்?"

"குடு."

டீச்சர் தாளைப் பிடுங்கினாள். பேனாவை வாங்கினாள். எந்த வரி என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். இரண்டு துண்டும் தரையில் விழுந்து சிணுங்கின.

மகன் குனிந்து எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் இளகிவிட்டது.

"அத்தை, இங்க பாருங்க. அப்பா இதை அம்மா கண்ணாடிக் கூட்டுல போட்டுட்டு, காலையில வீடு முழுக்கத் தேடியிருக்கார்."

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். சுவரோரம் நின்றவர்களும் சிரித்தார்கள். போர்மேனுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத்காரர், காலையிலிருந்து தூண்போல் நின்றவர், அவர்கூடச் சிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் முதல் சிரிப்பு அது. போர்மேன் நடுவில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டார்.

"அவர் மறக்கல" என்றாள் டீச்சர். "நான்தான் எடுத்தேன். நாலு தடவை."

"சரிம்மா."

"திருடினேன்டா. அவருக்கு ஒரு மறதியும் இல்ல."

"சரிம்மா, சரி. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"பாத்தீங்களா" என்று அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், "போனதுக்கப்புறமும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க. இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்?"

டீச்சர் அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மகன் தாளை மெதுவாக வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்று போனில் பேசினான். "அம்மா ஏதோ மனசு தாங்காம அடிச்சிட்டாங்க. அந்த வரி இருக்கட்டும் சார்."

லேத்காரர் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"முதல்ல எது டீச்சர்?"

"பின் பிரேக் ஸ்பிரிங்."

"அடுத்தது?"

"பிஸ்டன் பின்னோட லாக்கு. அப்புறம் மேக்னட்டோ சாவி."

அவர் தலையசைத்தார். எல்லாவற்றையும் கடைந்தோ தேடியோ கொடுத்தவர் அவர்தான். வரிசை அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் போர்மேனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் லேத்துல கை வச்சார். 'தள்ளுங்கண்ணே, உங்களுக்குத்தான் புத்தி சரியில்லையே, விரல் போயிடும்'னு நான் சொன்னேன். கடையில நாலு பேர் இருந்தாங்க. சரிதாண்டான்னு சொல்லிட்டு ஸ்டூல்ல போய் உக்காந்துகிட்டார்."

டீச்சர் துணியை இடது கை மோதிரவிரலுக்கு நகர்த்தினாள்.

"உங்க மகன் நம்பமாட்டார். வெளியில இருக்கறவங்க மெக்கானிக்குங்க. எது எது போச்சுன்னு வரிசையாச் சொன்னா அவங்களுக்குப் புரியும். பிரேக்குல ஒண்ணு, எஞ்சின்ல மூணு. வண்டி வேலை முடியற நேரம் பாத்து ஒண்ணொண்ணா. மறதி இப்படி வராது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சொல்லட்டுமா? சொன்னா உங்க பேரு..."

"சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர். அப்புறம் திருப்பி வாங்க முடியாது."

"ஒருத்தரையும் விடாம சொல்லுங்க."

லேத்காரர் எழுந்து போனார். டீச்சர் இடது கைச் சுண்டுவிரல்வரை துடைத்து முடித்து, துணியை மடித்து வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போனாள். தெருவில் நாற்பது நாற்காலி. முன்வரிசையில் காக்கிச் சட்டையில் டெப்போ மெக்கானிக்குகளும் பழைய டிரைவர்களும். லேத்காரர் முதல் நாற்காலிக்குக் குனிந்தார், விரல்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காட்டினார். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். கேட்ட முதல் ஆள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டாவது ஆள். பிறகு அந்த வரிசை.

ஜன்னல் திரை காற்றில் வந்து டீச்சரின் முகத்தை மறைத்தது. அவள் அதைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.