கட்டிலின் மறுபாதி

மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவிய பிறகு, பொன்னம்மாவின் கணவர் கலியாணசுந்தரம் தரையில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கினார். கட்டிலில் அவர் லேசாகப் புரண்டாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒட்டிப் படுத்தே பழகியவள், இப்போது கைக்கெட்டாத தூரத்தில் அவர் மூச்சுவிடுவதைக் கேட்டபடி கிடந்தாள்.

அவர்கள் குடியிருந்த காஜா பேராங் கடைகளில் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்த மாதம் அது. இனி அறுவையால் பயனில்லை என்று டாக்டர் வலி தணிக்க மார்ஃபின் கலந்த மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி சாரதாம்பாளை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல மிஸ்ஸி." உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

கட்டிலில் உட்கார்ந்தால் அது ஆடும் என்று மிஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி. வலியே இல்லேன்னா இப்ப என்ன செய்வீங்க?"

பொன்னம்மா வெட்கத்தோடு கண்ணை மூடிக்கொண்டாள். "அவரு பக்கத்துல வந்து படுக்கணும்."

மிஸ்ஸி சிரிக்கவில்லை. மருந்துப் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

பஸ் ஓட்டப் போகும் உடுப்போடு கதவருகே நின்ற கலியாணசுந்தரம் தலையைக் குனிந்தார். "துடிக்கிறப்ப மட்டும்தான் குடுக்கிறேன் மிஸ்ஸி. செங் ரப்பர் தோட்டத்துல எங்க மாமா அபின் பழகி, பெத்த பிள்ளையையே மறந்து செத்தாரு. இதுவும் அபின்தானே, இவளும் என்னை மறந்துட்டா?"

"வலிக்குச் சாப்பிடறது வேறங்க. துடிச்ச பிறகு குடுத்தா, மருந்து வேலை செய்யறதுக்குள்ள படாத பாடு படுறாங்க. வலி வர்றதுக்கு முன்னாலயே, நேரம் தவறாம குடுக்கணும். டாக்டர்கிட்ட அளவு கேட்டுட்டு வரேன். முதல்ல தூக்கமா வரும், அப்புறம் தெளிஞ்சிடுவாங்க. மலம் கட்டும், பப்பாளி குடுங்க."

டாக்டரும் சம்மதித்தார். மிஸ்ஸி அவள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே மார்பிலிருந்த புண்ணைக் கழுவினாள். முதல் ஓரிரு நாள் பொன்னம்மா தூங்கிக்கொண்டே இருந்தாள். பயந்துபோன கலியாணசுந்தரம் பெயர் சொல்லி எழுப்பிக்கொண்டே இருந்தார்.

"இங்கதான இருக்கேன், சும்மா இருங்களேன்!" என்று அவள் எரிந்து விழுந்தபோது அவர் முகம் மலர்ந்தது.

அந்த வாரக் கடைசியில், காலை வேலை முடிந்து வந்தவரைக் கூப்பிட்டாள். "இங்க வந்து படுங்க."

"ஆடுமே, பொன்னு."

"ஆடட்டும்."

அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தார். கட்டில் முனகியது. முதுகில் வலி தலைதூக்கி, சற்று நின்று, அடங்கிவிட்டது. அவர் தோளில் அவள் கன்னம் பட்டது. சட்டையில் டீசல் வாசனை. அவர் குறட்டை விடத் தொடங்கியும் அவளுக்குத் தூங்க மனமில்லை.

பிறகு வலி மிஞ்சிய நாள்களும் உண்டு. அப்போதெல்லாம் மிஸ்ஸி டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டினாள். தீபாவளி கழிந்த வாரம் பொன்னம்மா இறந்தாள். கடைசிவரை அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கணும் என்றுதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.