பேத்தியின் முறை

எலவனாசூர்கோட்டை ராமசாமி தன் கரும்புக் கொல்லையில் போட்ட போர், ஆயிரம் அடியைத் தாண்டிய அன்று, தண்ணீருக்கு முன்னால் ஒரு குழந்தையின் தும்மலை வெளியே தள்ளியது. போர் லாரிக்காரர்கள் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, இப்போதெல்லாம் அந்த ஆழத்தில் இப்படித்தான் என்றார்கள். குரல் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொண்டது: கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டு மாசமாக இருக்கும் அவர் மகள் ரம்யாவின் வயிற்றுப் பெண். கீழே கிடப்பது தன் காலத்துத் தண்ணீராம். "ஒருநா நீ எடு தாத்தா, ஒருநா எனக்கு வுடு" என்றது. பங்குக் கிணற்றில் அண்ணன் தம்பி முறை வைத்து இறைத்த குடும்பம். நியாயம் என்றுதான் ராமசாமிக்கும் பட்டது. பேத்தியின் நாளில் அவர் மோட்டார் பக்கமே போகவில்லை.

சித்திரை வெயில் பாவம் புண்ணியம் பார்க்குமா? சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு தள்ளிக்கொண்டே போக, கரும்பு நின்ற வாக்கிலேயே காய்ந்தது. அது போனால் அந்த வருஷம் அடுப்பு எரியாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே? ராமசாமி பேத்தியின் முறையில் சுவிட்சைப் போட்டார். மனைவி கண்ணகி வரப்பிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பொறக்காத புள்ளகிட்ட போயி திருடிக்கினு?"

"பொறந்தா நாமதான சோறு போடப்போறோம்? வுடு."

வெட்டு முடியும்வரை அவர் நிறுத்தவில்லை. குரல் முதலில் கெஞ்சியது, பிறகு வைதது, பிறகு மோட்டார் இரைச்சலில் கேட்காமல் போனது. கரும்பு மட்டும், அடேயப்பா, அப்படியொரு எடை.

ரம்யா தாய்வீட்டில் பிள்ளை பெற்றாள். நல்ல எடை, குறையொன்றுமில்லை. முகம் சிவக்க வாயைத் திறந்து அழுதது; சத்தம்தான் வரவில்லை. அழுகை ஏரிக்கு அப்பால், கொல்லையில், போர் குழாயிலிருந்து கேட்டது. டாக்டர்கள் தொண்டையைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். குழாய்க்குள் யார் பார்ப்பது?

ராமசாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மோட்டார் ஓடினால் அழுகை அமுங்கிவிடும் என்று ஃப்யூஸைப் பிடுங்கிப்போட்டு, கொல்லையை மழையை நம்பி விளையும் கம்புப் பயிருக்கு விட்டார். பகலெல்லாம் குழாயடியில் உட்கார்ந்து, வீட்டிலிருக்கும் ரம்யாவைச் செல்லில் கூப்பிட்டு, "புள்ள அழுவுதும்மா, பாலு குடு" என்பார். கடைசியில் ஒரு ஷீட் கொட்டகை போட்டு எல்லோரும் அங்கேயே குடிவந்துவிட்டார்கள்.

பேத்தி இப்போது நன்றாகப் பேசுகிறாள். வருகிறவர்கள் குழாயைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். ராமசாமியும் குழாயைப் பார்த்துத்தான் பேசுகிறார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.