ஆண்டுச் செடி

அந்த மனிதர் காலி விதைப் பாக்கெட்டைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் அகராதி அக்காவிடம்தான் கேட்க வேண்டும் என்று மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

அகராதி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். அந்த விதைக் கம்பெனியின் பாக்கெட்டுகளில் அச்சாகும் தமிழ் முழுவதும் அவள் எழுதியதுதான். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வாள். நடுவில் யாராவது அவசரப்படுத்தினால் வெடுக்கென்று பதில் வரும். பெயர் இரண்டுக்கும் பொருந்தியதால் ஒட்டிக்கொண்டது.

வந்தவர் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னதும் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். உறையை மேசைமேல் வைத்து, காஸ்மோஸ் பூவின் படத்துக்குக் கீழே இருந்த சிறிய எழுத்தை விரலால் தொட்டார்.

"ஆண்டுச் செடின்னு போட்டிருக்கு. அப்படின்னா வருஷா வருஷம் பூக்கும்னுதானேம்மா அர்த்தம்?"

அவர் குரலில் சண்டை இல்லை. ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். போன வருடம் அவர் மனைவி பால்கனித் தொட்டியில் அந்த விதையைப் போட்டாராம். மூன்று மாதம் பூத்துக் குலுங்கியதாம். பூ ஓய்வதற்குள் மனைவி ஓய்ந்துவிட்டார். பிறகு செடியும் காய்ந்தது. பிடுங்கிப் போடச் சொன்ன மகளிடம் இந்தப் பாக்கெட்டைத்தான் எடுத்துக் காட்டினாராம். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் காய்ந்த தண்டுக்குத் தண்ணீர் ஊற்றி வருகிறார்.

"ஆண்டு விழா வருஷா வருஷம் வருது. ஆண்டுப் பரீட்சை வருஷா வருஷம் வருது. இது மட்டும் ஏம்மா வரலை?"

செடிக்காரர்களின் பேச்சில் அந்தச் சொல்லுக்கு நேர் எதிரான பொருள் என்பதை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முளைத்து, பூத்து, விதைவிட்டு, ஒரே வருடத்தில் ஆயுள் முடிந்துபோகிற செடி என்று அர்த்தம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஏமாற்று வேலை போலப் பட்டது. திரும்பத் திரும்ப வருவதற்கும் ஒருமுறை வந்து போய்விடுவதற்கும் ஒரே சொல் என்றால் மனிதன் எதை நம்புவது?

அந்தப் பாக்கெட்டை எழுதிய வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்லின் வேர் தேடிப் போனவள் வழி தவறிப்போயிருந்தாள். வருடத்தைக் குறிக்கிற ஆண்டு பழைய தமிழில் யாண்டு. ஈண்டு என்றால் இங்கே, ஆண்டு என்றால் அங்கே, யாண்டு என்றால் எங்கே. அரசன் ஆண்டு முடித்தான் என்றாலும் அதே ஆண்டுதான். இவற்றில் எது எதற்குச் சொந்தம் என்று புரியாமல் குழம்பி, கடைசியில் 'ஓராண்டுச் செடி' என்று எழுதினாள். வரி அடங்கவில்லை என்றார் மேலாளர். வளர்க்கிறவர்களுக்குத் தெரியாதா என்றும் கேட்டார். அவளே தன் கையால் 'ஓர்' என்பதை அடித்துவிட்டாள்.

வந்தவரைச் சற்று உட்காரச் சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள். அவர் தலை நிமிராமலே, இரண்டு புதுப் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்றார். அடுத்த அச்சிலாவது திருத்திவிடலாம் என்றாள். முதலில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறதே, அதைப் பார்ப்போம் என்றார் அவர். அவளுடையதும் ஆண்டு ஒப்பந்தம். ஒன்பது வருடமாகத் தானே தமிழாக்கி, தானே கையெழுத்துப் போட்ட காகிதம். இந்த மாதத்தோடு முடிகிறதா, வழக்கம்போல நீள்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அச்சுத் திருத்தத்தை மட்டும் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

புதுப் பாக்கெட்டுகளை மெக்கானிக் தொடவில்லை.

"இது வேண்டாம்மா. அது அவ கையால போட்டது."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஓராண்டுன்னுதான் முதல்ல எழுதினேன் ஐயா. இடம் பத்தலைன்னு நான்தான் ஒரு சொல்லை எடுத்துட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுதினது நீங்கள்தானா என்று கேட்டார். அப்படியானால் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும் என்றார். பத்து நாளாகத் தொட்டியில் ஏதோ இரண்டு முளைத்திருக்கிறது. மகள் களை என்கிறாள். பிடுங்குவதா விடுவதா என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாராம்.

வேலை முடிந்ததும் அவருடன் கிளம்பினாள். நான்காம் மாடி. லிஃப்ட் இருந்தும் அவர் படியில்தான் ஏறினார். பால்கனியில் சாயங்கால வெயில் தொட்டியின் பாதிவரை வந்திருந்தது. நடுவில் காய்ந்த தண்டு, அது சாயாமல் இருக்க ஒரு ஒயர்க் கட்டு. அதை ஒட்டி இரண்டு முளைகள். ஆளுக்கு இரண்டே இலை.

அவள் குனிந்தாள். பாக்கெட்டுகளில் எத்தனையோ செடிகளைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஒரு விதைகூடப் போட்டதில்லை. மண்ணைக் கிழித்து வரும்போது எல்லா முளையும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தது. உதிர்ந்த விதை முளைத்திருக்கலாம். காற்று கொண்டுவந்து போட்டதாகவும் இருக்கலாம். இதுவே காஸ்மோஸ் என்றாலும் அதே செடியா, அதன் பிள்ளையா? அவர் காத்திருந்தது எது வருவதற்கு?

"களைன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. பரவாயில்லை."

"தெரியலை ஐயா," என்றாள். "நிஜமாவே தெரியலை."

அவர் தலையாட்டினார். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, காய்ந்த தண்டுக்குப் பாதியும் முளைகளுக்குப் பாதியுமாக ஊற்றினார். கடைசிச் சொட்டு பட்டு ஒரு இலை சாய்ந்தது. அதன்மேல் ஒரு மண் துணுக்கு ஒட்டியிருந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இலை மண்ணோடு சேர்ந்தே மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.